குடல்வாழ் நுண்ணங்கியும் மாற்றுச் சிறுநீரகமும்

வரலாறு என்றவுடன் மன்னர்தம் படையெடுப்பும் முடிசூட்டும் கோட்டை கொத்தளங்களுமே நம்மனோர் உள்ளத்தில் முதற்கண் எழுவன. திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோரும் குளக்கோட்டன் திருப்பணியில் தொடங்கி, போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தமை, தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் வழிபாடு நிலைபெற்றமை, ஆங்கிலேயர் கடற்படைத்தளம் அமைத்தமை என்று நிரல்பட உரைத்துச் செல்வர். அவை வேண்டுவனவே. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கும் வரலாறு உண்டு; அது மனிதன் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. மனிதன் செய்தவற்றால் அவை மாறின. அவை மாறியதனால் மனிதன் செய்யக்கூடியவையும் மாறின. இக்கட்டுரை அத்தகைய ஒரு நுண்ணங்கியைப் பற்றியது. மாந்தர் குடலில் பிறந்த சில நாட்களுள் குடிபுகுந்து, பெரும்பாலும் தீங்கின்றி வாழ்நாள் முழுதும் உடனுறைவது அது. மாற்றுச் சிறுநீரகமோ மாற்று ஈரலோ பெற்றவர் உடலில் அது பகையாவது ஏன், பகையானபின் மருந்துக்கு அடங்க மறுப்பது ஏன் என்னும் இரு வினாக்களுக்கும் உடற்றொழில் நூலில் பாதி விடையே உண்டு. மறுபாதியை வரலாற்றிலேதான் தேடல் வேண்டும்.

முதலில், 'உயிர்ப்படலம்' என விஞ்ஞானிகள் வழங்குவது யாதென்று காண்போம். குளத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாம வயல்களுக்குப் பாயும் வாய்க்காலில் நெடுநாட் கிடந்த கல்லொன்றை எடுத்துத் தடவினால் வழுவழுப்பான பசையொன்று விரலில் ஒட்டும். பாசி என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோம். அதில் பாசியோடு எண்ணிறந்த பற்றீரியாக்களும் தாமே சுரந்த பசையுள் புதைந்து கூடி வாழ்கின்றன. நீரில் தனித்து மிதக்கும் பற்றீரியா வழிப்போக்கன். பசையுள் அமர்ந்தது ஊர் அமைத்துக் குடியேறியது.

துறைமுகத்து மக்களாகிய நமக்கு இப்படலத்தின் வேறொரு வடிவமும் அந்நியமன்று. கப்பலின் அடியில் பாசியும் மட்டியும் படிந்து ஓட்டத்தைத் தடுப்பதைக் கடலோடிகள் பண்டுதொட்டு அறிவர். ஆங்கிலக் கடற்படை 1761 இல் 'அலார்ம்' என்னும் கப்பலின் அடியில் செம்புத் தகடு அறைந்து சோதித்தது. அடுத்த இருபது ஆண்டுகளுள் அவ்வழக்கம் படை முழுவதும் பரவிற்று. (நம்மூர்ப் பெயரைத் தாங்கி 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டி நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் இன்றும் காட்சிக்கு உள்ளது.) கப்பலடியில் முதற்கண் படிவது மட்டியன்று, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாப் பசையே என்பதைக் கலிபோர்ணியாக் கடற்கரையில் ஆய்வு நிகழ்த்திய சோபெல், அலன் என்னும் இருவர் 1935 இல் எடுத்துக்காட்டினர். நீரில் மிதப்பதினும் கண்ணாடிப் புட்டியின் உட்சுவரில் ஒட்டி வாழ்வதையே பற்றீரியாக்கள் பல விரும்பும் என்பதைச் சோபெல் 1943 இல் மேலும் நிறுவினார். மருத்துவ உலகம் இதனைப் பொருட்படுத்தவில்லை. கப்பல் ஆராய்ச்சிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தொடர்பு உண்டென்று யார்தான் நினைத்திருப்பர்!

உண்மையில் இக்கதை இன்னும் பழையது. ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹுக், தாமே கடைந்த வில்லைகளால், தம் பல்லிடுக்கில் படிந்த வெண்மையான பொருளைப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோக்கினார். அதனுள் நீந்தித் திரியும் சிற்றுயிர்களை விவரித்து 1683 இல் இலண்டன் றோயற் கழகத்துக்கு எழுதினார். பின்னர் வினாகிரியால் வாய் கொப்பளித்துப் பார்த்தார். வாயிலிருந்து எடுத்து வினாகிரியில் கலந்தபோது மாண்ட அவ்வுயிர்கள், பல்லில் படிந்திருந்தபோது மாளவில்லை. வினாகிரி புறத்தே இருந்தவற்றை மட்டும் கொன்றது, படிவின் உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவுகண்டார். இன்று மாற்றுறுப்பு வைத்தியர்கள் முகங்கொடுக்கும் இடர் முழுவதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது எனலாம். ஆனால் அவருக்குப் பின் வந்தோர், நோய்க்கிருமியைத் தனித்தெடுத்துத் தூய குழம்பில் வளர்க்கும் முறையையே கைக்கொண்டனர். கொக், பாஸ்ரர் முதலியோரின் மாபெரும் வெற்றிகள் அம்முறையால் விளைந்தவை. அவ்வெற்றியின் ஒளியில் கூடிவாழும் கிருமியின் இயல்பு மறைந்து போயிற்று. 1978 இல் கனடா நாட்டின் கல்கரி நகர ஆய்வாளர் கொஸ்ரர்ற்றனும் அவர்தம் துணைவரும், இயற்கையில் பற்றீரியாக்கள் பெரும்பாலும் ஒட்டியே வாழ்வன என்பதை மலையருவிக் கற்களைக் கொண்டு நிறுவியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1982 இல், இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் கருவியின் கம்பியிலும் அதே படலம் காணப்பட்டது. அருவிக் கல்லிலிருந்து மனிதன் மார்புக்கு வந்து சேர நான்கே ஆண்டுகள்.

படலத்துள் மருந்து ஏன் தோற்கிறது? பசை மருந்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. ஆயினும் அது முதன்மைக் காரணமன்று. பெனிசிலின், வன்கோமைசின் முதலிய மருந்துகள் பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டும் வேலையைக் குலைப்பவை. கட்டுகின்றவனையே கெடுக்கலாம், உறங்குகின்றவனை அவை என் செய்யும்? படலத்தின் அடியில் உணவும் ஒட்சிசனும் குன்றிய கலங்கள் வளர்ச்சியை ஒடுக்கிக் கிடக்கின்றன. இத்தகைய ஒடுங்கிய கலங்களை டப்ளின் நகர விஞ்ஞானி பிகர் 1944 இல், பெனிசிலின் புதிதாய் வந்து புகழெய்திய காலத்திலேயே, கண்டு எழுதினார். ஆக, படலத்துள் அமர்ந்த கிருமியை அழிக்க மிதக்கும் கிருமிக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கு, சிலபோது ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படும். அவ்வளவை மனித உடல் தாங்காது.

இனி நம் கட்டுரைத் தலைவனிடம் வருவோம். என்ரரோகொக்கசு என்னும் பெயரை 1899 இல் பாரிஸ் நகரத் தியர்செலின் இட்டார். குடலில் வாழும் கோளவடிவ நுண்ணங்கி என்பது அதன் பொருள். அதே ஆண்டில் அமெரிக்க வைத்தியர் இருவர், இதயத்தின் உட்சுவர் நோயுற்ற ஒருவர் குருதியில் அதனைக் கண்டனர். குடலில் அடங்கி வாழ்வது குருதியிற் புகுந்தால் கொல்லும் என்ற செய்தி ஆகவே புதியதன்று. இதன் வன்மையைக் கேட்டால் மாணவர்கள் வியப்பர். 60 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் தாங்கும்; நூற்றுக்கு ஆறரைப் பங்கு உப்புக் கலந்த நீரில் வளரும்; 10 பாகைக் குளிரிலும் 45 பாகை வெப்பத்திலும் பெருகும். 1937 இல் சேர்மன் என்பார் இவற்றையே இதனை அடையாளங் காணும் சோதனைகளாக வகுத்தார். கடலுப்பின் அளவு நூற்றுக்கு மூன்றரைதான் என்பதை நினைவிற் கொண்டால் இதன் வன்மை விளங்கும். ஆஸ்பத்திரிக் கட்டிற் கம்பியிலும் கதவுப் பிடியிலும் உலர்ந்த நிலையிற் பன்னாட்கள் உயிரோடிருக்கவும் வல்லது. பொதுவாக வழங்கும் செபலோஸ்போரின் மருந்துகளுக்கு இயல்பாகவே அடங்காது. அவற்றை வழங்கும்போதெல்லாம் அயலவர் மடிய, இது தனிக்காட்டு அரசாகிறது.

இத்தகைய உயிர்க்கு மனிதன் புதியதோர் களம் அமைத்துக் கொடுத்தான். 1954 டிசெம்பர் 23 இல் பொஸ்ரன் நகரில் யோசெப் மறே என்னும் சத்திரவைத்தியர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒரே கருவில் உதித்த இரட்டையராதலின் உடல் அதனை ஏற்றது. ஏனையோர்க்கு அவ்வாறன்று; பிறர் உறுப்பைப் பகையென எண்ணி அழிப்பது உடலின் நிர்ப்பீடனத்தின் இயல்பு. நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்து வேண்டப்பட்டது. அவற்றுள் தலையாயது மண்ணிலிருந்து கிடைத்தது. நோர்வே நாட்டு மலைப்பீடபூமியொன்றில் எடுத்த மண்ணில் வாழ்ந்த பங்கசு தந்த சைக்கிளோஸ்போரினைக் கேம்பிறிட்சு நகரில் றோய் கான் 1978 இல் நோயாளருக்கு வழங்கினார். 1983 இல் அமெரிக்க அரசு அதனை அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு யப்பான் நாட்டுச் சுகுபா மண்ணிலிருந்து மற்றொன்று கிடைத்தது. ஈஸ்ரர் தீவின் மண் இன்னுமொன்றைத் தந்தது.

இந்த அலை நம் பக்கமும் வந்தது. தமிழ்நாட்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971 இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. இலங்கையில் 1985 இல் அது தொடங்கிற்று. இரண்டாண்டில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு மாற்றத்துக்கு முறை வகுத்தது. தாய் மகனுக்கும் தமையன் தம்பிக்கும் தன் உடலின் ஒரு கூற்றைக் கொடுக்கும் காலம் பிறந்தது. காவியங்களிற் கண்ணைக் கொடுத்தவரையும் தசையை அரிந்து கொடுத்தவரையும் படித்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு புதுமையாகத் தோன்றவில்லை போலும்!

நிர்ப்பீடனத்தை ஒடுக்கிய உடலில் குடல்வாழ் கிருமியைத் தடுக்க வல்ல கடைசி மருந்தாக நெடுங்காலம் கருதப்பட்டது வன்கோமைசின். அதுவும் மண் தந்ததே. போர்ணியோத் தீவின் காட்டு மண்ணைச் சமயப் பணியாளர் ஒருவர் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்து நிலையமொன்றுக்கு அனுப்ப, அதிலிருந்த நுண்ணங்கி சுரந்த மருந்து 1958 இல் வழக்குக்கு வந்தது. முதலிற் கிடைத்தது கபில நிறச் சேறு போலிருந்தமையின், மிசிசிப்பிச் சேறு என்று அதனை ஆக்கியோரே நகையாடினர். முப்பது ஆண்டுகள் அதற்கு என்ரரோகொக்கசு அடங்கி நின்றது. 1986, 1987 ஆம் ஆண்டுகளில் இலண்டனின் டல்லிச்சு வைத்தியசாலையிற் சிறுநீரக நோயாளரிடம் அடங்காத வகை தலைகாட்டிற்று; பாரிசிலும் அக்காலத்திலேயே கண்டனர். இரு செய்திகளும் 1988 இல் வெளியாயின. முதலில் வெளிப்பட்ட இடம் சிறுநீரகப் பிரிவு என்பது தற்செயலன்று. அங்குதான் மருந்தும் குழாய்களும் ஒடுங்கிய நிர்ப்பீடனமும் ஒருங்கே கூடின.

இக்கிருமி செய்த தந்திரம் எளியது. வன்கோமைசின், கலச்சுவர்க் கட்டுப்பொருளின் நுனியில் உள்ள இரு அலனீன் மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு கட்டடத்தை நிறுத்தும். கிருமி கடைசி அலனீனை அகற்றி இலத்திக்கமிலத்தை அங்கு வைத்துவிட்டது. பூட்டை மாற்றினால் பழைய திறவுகோல் என் செய்யும்? இத்தந்திரத்துக்குரிய பரம்பரையலகுகள் ஒரு கிருமியிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவ வல்ல துண்டுகளில் அமைந்துள்ளன. நெருங்கி வாழும் உயிர்ப்படலத்துள் அத்தாவல் எளிதாகிறது.

அத்தந்திரத்தை அது எங்குக் கற்றது? கனடாவின் யூக்கொன் பனிநிலத்தில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டீ.என்.ஏ. யில் இதே பரம்பரையலகுகளின் மூதாதையரை ஆய்வாளர் 2011 இல் கண்டனர். வன்கோமைசினைச் சுரக்கும் மண்ணுயிர் தன் நஞ்சால் தானே சாவாதிருக்க வேண்டுமன்றோ? மருந்தும் மாற்றும் ஒரே மண்ணில், நமக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னரே பிறந்தவை. மனிதன் செய்தது அதனைப் பரப்பியமை. ஐரோப்பாவில் 1970களிலிருந்து அவபார்சின் என்னும் பொருளைக் கோழிக்கும் பன்றிக்கும் விரைந்து கொழுக்கத் தீனியிற் கலந்து வந்தனர். அது வன்கோமைசினின் உடன்பிறப்பு. நோயற்ற விலங்குக்கு நாடோறும் ஊட்டிய அதனால் அடங்காத என்ரரோகொக்கசு பண்ணைகளிற் பெருகிற்று. டென்மார்க் 1995 இலும் செருமனி 1996 இலும் தடைசெய்ய, 1997 இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் தடை வந்தது. எனினும் பண்ணையாளரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. அமெரிக்காவில் அவபார்சின் ஒருபோதும் அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் அங்கும் இக்கிருமி பரவிற்று. அங்கே அதனைப் பயிற்றியவை வன்கோமைசினை அளவிறந்து வழங்கிய வைத்தியசாலைகளே. ஓரிடத்தில் பேராசையும் மற்றோரிடத்தில் பெருந்தயவும் ஒரே விளைவைத் தந்தன.

இவ்வாறு வெவ்வேறு வழியில் வந்த வரலாறுகள் ஒரு நோயாளியின் உடலிற் சந்திக்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்தை இடுப்பின் முன்புறத்தே பொருத்தி, அதன் சிறுநீர்க்கானைச் சிறுநீர்ப்பையோடு தைப்பர். தையல் ஆறும்வரை ஸ்ரென்ற் எனப்படும் மெல்லிய குழலொன்று உள்ளே கிடக்கும். சிறுநீர்ப்பையில் கதீற்றர் என்னும் குழாய் இருக்கும். கழுத்து நரம்பில் வேறொன்று. இவையெல்லாம் உயிரற்ற மேற்பரப்புகள், வாய்க்காலிற் கிடக்கும் கற்கள் போன்றவை. இதற்குள் பல மருந்துகள் குடலில் உள்ள ஏனை உயிர்களை அழித்துவிட, என்ரரோகொக்கசு அங்கே பெருகி நிற்கிறது. என்புமச்சை மாற்றுப் பெற்றோரிடம் இக்கிருமி குடல் முழுவதையும் ஆட்கொண்ட பின்னரே குருதியிற் புகுகிறது என்பதை 2010 இல் நியூயோர்க் ஆய்வாளர் காட்டினர். குடலிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து குருதிக்குமாக அதன் பயணம் அமைகிறது. குழாயைப் பற்றிக்கொள்ள உதவும் புறத்துப் புரதமொன்றை ஆய்வாளர் 1999 இல் இனங்கண்டனர். சில ஆண்டுகளின் பின் பற்றிழைகள் போன்ற நார்களும் அறியப்பட்டன. 2002 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், குருதிச் சுத்திகரிப்புப் பெற்று வந்த சிறுநீரக நோயாளி ஒருவரிடம், என்ரரோகொக்கசு தன் தந்திரத்தை ஸ்ரபிலோகொக்கசு என்னும் கொடிய கிருமிக்குக் கைமாற்றிக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அஞ்சப்பட்டது நடந்தது.

தமிழர்க்கு அணித்தான வேறொரு செய்தியும் ஈண்டுக் கூறத்தக்கது. குடல்வாழ் கிருமிகளுள் கிளெப்சியெல்லா, ஈ. கோலை என்பன வேறொரு குலம். இவற்றை அடக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்றான கார்பபெனமைச் சிதைக்கும் நொதியமொன்று, 2007 இறுதியில் புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் முதற்கண் அறியப்பட்டது. அது சென்னை வைத்தியசாலைகளிற் பரவியிருந்ததைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010 இல் வெளியிட்டனர். நொதியத்துக்கு நாட்டுத் தலைநகரின் பெயரை இட்டதை இந்திய அரசு வன்மையாகக் கண்டித்தது. பெயரைப் பற்றிய அவ்வழக்கில் கிருமியைப் பற்றிய செய்தி சிறிது காலம் மறக்கப்பட்டது என்பதே என் கருத்து. ஆனால் நன்மையும் விளைந்தது. 2012 இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையிற் கூடி, மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர்கொல்லிகளை விற்பதைக் கட்டுப்படுத்துமாறு கோரிச் சென்னைப் பிரகடனம் என வழங்கும் அறிக்கையை வகுத்தன. கார்பபெனமும் பயனற்றபோது எஞ்சுவது 1940களின் இறுதியில் யப்பானிற் கண்ட கொலிஸ்ரின். சிறுநீரகத்துக்கு நஞ்சென்று 1970களில் கைவிடப்பட்ட மருந்து அது. தமையன் ஈந்த ஒரே சிறுநீரகத்தைக் காக்கச் சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் மருந்தையே ஏற்ற வேண்டிய இக்கட்டை வைத்தியர் எங்ஙனம் எதிர்கொள்வர் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். அதனையும் கோழித்தீனியிற் கலந்து வந்தனர்; இந்திய அரசு 2019 இல் அதைத் தடைசெய்தது.

நம் மாவட்டத்துக்கு இவற்றால் என்னையெனின், சிறுநீரக நோய் இங்கே நெற்செய்கையாளர் நோயாகிவிட்டது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் அறியப்பட்ட, காரணம் இன்னும் அறுதியிடப்படாத நெடுங்காலச் சிறுநீரக நோய், திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுர முதலிய பிரிவுகளையும் தாக்கியுள்ளது. பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே பெரியதோர் வைத்தியசாலை 2021 இல் திறக்கப்பட்டது. ஆகவே மாற்றுச் சிறுநீரகம் என்பது தொலைதூரத்துச் செல்வர் பேச்சன்று. வரம்பு கட்டி நாற்று நடும் குடும்பங்களின் பேச்சு.

படலத்தை அழிக்கும் மருந்து இன்றுவரை வழக்கிற்கு வரவில்லை. வைத்தியர் கையாளும் வழி, கப்பலைக் கரையேற்றி அடியைச் சுரண்டிய பழைய கடலோடிகளின் வழியே: ஒட்டிய பொருளை அகற்றிவிடுவது. கதீற்றரைச் சில நாட்களிலும், ஸ்ரென்றைச் சில வாரங்களிலும் வெளியே எடுத்துவிடுகின்றனர். எடுக்காது விட்ட ஸ்ரென்றின் மேல் படலம் தடித்து, உப்புக்கள் படிந்து கல்லாகி, சிறுநீர்க்கானோடு இறுகிவிடுவதும் உண்டு. பின் அதனை எடுக்க மற்றொரு சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். தொலைவிலுள்ள வைத்தியசாலையில் மாற்றுப் பெற்று வீடு திரும்பும் ஒருவருக்கு, ஸ்ரென்றை எடுக்கக் குறித்த நாள் சீட்டில் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அந்நாள் பெரும்போக அறுவடையோடு வந்து பொருந்தினாலும் பயணத்தைத் தள்ளிப்போடாதிருக்குமாறு வீட்டார்க்குச் சீட்டை வாசித்துச் சொல்லக்கூடியவர், பல வீடுகளில், நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைதான்.